12400எஃப்-ஆ, 5600-ஆ? முதலில் வேலையைச் சொல்லுங்கள்

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் இரண்டு கொட்டேஷன் அனுப்பியிருந்தான். நாகர்கோவிலில் ஒரு கடையில் எழுதி வாங்கியது. ஒன்றில் இன்டெல் கோர் ஐ5-12400எஃப், இன்னொன்றில் ஏஎம்டி ரைசன் 5 5600. ரேம், எஸ்எஸ்டி, கேபினட் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே ஒரே வரி: “மாமா, இதுல எது பெஸ்ட்?”

“நீ அதுல என்ன செய்யப் போற மக்ளே?” என்று கேட்டேன்.

“எல்லாம்தான்.”

சிக்கலே அந்த ‘எல்லாம்தான்’ என்கிற பதிலில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த ஜோடியைப் பாருங்கள். இரண்டும் 2022-இல் வந்தவை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். இரண்டின் உச்ச வேகமும் 4.4 ஜிகாஹெர்ட்ஸ். இரண்டின் விவரத்திலும் 65 வாட் என்றுதான் போட்டிருக்கும். புதிதாகப் பார்க்கிறவருக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தோன்றும். ஒப்பிடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. பெட்டியில் அச்சிட்ட எண்கள் ஒன்றாக இருக்கும்போது, அச்சிடாத எண்களைத் தேட வேண்டியிருக்கிறதல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

நம்ம ஊரில் மேஜைக்கு அடியில் இருக்கும் முழுப் பெட்டியையும் ‘சிபியூ’ என்றுதான் சொல்வோம். ரிப்பேருக்குக் கொண்டுபோனால் கடைக்காரரும் “சிபியூவ இங்க வைங்க” என்பார். நான் இங்கே பேசுவது அந்தப் பெட்டிக்குள், போர்டின் மேல், ஃபேனுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்ன பிஸ்கட் அளவுச் சில்லை. அதுதான் பிராசஸர்.

தோவாளைத் திண்ணை

ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் வழியில் தோவாளை. ஓணம் நெருங்கினால் அந்தச் சந்தையிலிருந்து கேரளாவுக்குப் பூ வண்டி வண்டியாய்ப் போகும். என் சித்தி வீடு அந்தப் பக்கம். சின்ன வயதில் லீவுக்குப் போனால், திண்ணையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிராசஸரை யாருக்காவது விளக்க வேண்டி வந்தால் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும்.

பூ கட்டுகிற ஒருத்தியை ஒரு கோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் 6 கோர். கை எத்தனை வேகமாக முடிச்சுப் போடுகிறது என்பதுதான் ஜிகாஹெர்ட்ஸ். ஒரு ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடி துடிப்பு. 4.4 என்றால் 440 கோடி. பூக்கட்டுக்கு அத்தனை கோடி வேண்டாம், நிமிடக் கணக்கே போதும்.

பக்கத்து வீட்டு அக்கா நிமிடத்துக்கு 40 முடிச்சுப் போடுகிறாள், முடிச்சுக்கு இரண்டு பூ. சித்தி போடுவது 30 முடிச்சுதான், ஆனால் முடிச்சுக்கு நாலு பூ. திண்ணைக்கு எதிரே நின்று பார்க்கிறவனுக்கு அக்கா கைதான் பறக்கிற மாதிரி தெரியும். எண்ணிப் பார்த்தால் அக்கா கட்டியது 80 பூ, சித்தி கட்டியது 120.

அந்த ‘முடிச்சுக்கு எத்தனை பூ’ என்பதைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் ஐபிசி என்கிறார்கள். ஒரு துடிப்புக்குள் எத்தனை கட்டளையை முடிக்கிறது என்ற கணக்கு. இது எந்தப் பெட்டியிலும் அச்சாகி வராது. வேலைக்கு வேலை மாறும் என்பதால் ஒரே எண்ணாகச் சொல்லவும் முடியாது.

ஜிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து ஏமாந்த காலம் ஒன்று உண்டு. பென்டியம் 4 வந்தது 2000-இல். அதன் பிறகு சில வருஷம் இன்டெல் முழுக்க முழுக்க முடிச்சு வேகத்தின் பின்னாலேயே ஓடியது. ஏஎம்டியின் அத்லான் எக்ஸ்பி 1800+ நிஜத்தில் ஓடியது 1.53 ஜிகாஹெர்ட்ஸில்தான். எண்ணை மட்டும் பார்த்து ஆட்கள் தாழ்வாக நினைத்துவிடக் கூடாது என்றுதான் பெயரிலேயே 1800+ என்று போட்டார்கள். பென்டியம் 4 ஒரு வழியாக 3.8 வரை ஏறியது. சூடு தாங்க முடியாமல், 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியத்தை 2004-இல் இன்டெல் கைவிட்டது. 2006-இல் அதே இன்டெல் கோர் 2 டுவோவைக் கொண்டுவந்தது. அதில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சில்லு ஒன்று, தன் வீட்டு 3 ஜிகாஹெர்ட்ஸ் சில்லுகளையெல்லாம் பின்னே தள்ளிவிட்டுப் போனது. சித்தி ஜெயித்தாள்.

அதனால் ஜிகாஹெர்ட்ஸை ஒரே கம்பெனியின் ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். நம் ஜோடியில் இரண்டும் 4.4 என்றாலும், ஒரு முடிச்சுக்கு 12400எஃப் கொஞ்சம் அதிகமாகக் கட்டும். ஒற்றைக் கோர் சோதனைகளில் அது சிறிது முன்னால் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இனி ஆள் எண்ணிக்கை. ஆறு பேர் இருந்தால் ஆறு மடங்கு வேகம் வருமா? கட்ட வேண்டியது நூறு முழம் உதிரிச் சரம் என்றால், ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிடலாம். அநேகமாக ஆறு மடங்கு வேகம் கிடைக்கும். கட்ட வேண்டியது ஒரே ஒரு கல்யாண மாலை என்றால்? பூவை ஆய்ந்து கொடுக்கலாம், நாரைக் கிழித்துக் கொடுக்கலாம், மாலையைக் கடைசியில் சேர்த்து முடிப்பது ஒருத்தியின் கைதான். மற்ற ஐந்து பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒருத்தி தனியாகச் செய்தால் 60 நிமிடம் ஆகிற வேலை. அதில் 12 நிமிட வேலையைப் பிரிக்கவே முடியாது. மீதி 48-ஐ ஆறு பேர் பங்கிட்டால் 8 நிமிடம். மொத்தம் 20. ஆறு பேர் வந்தும் மூன்று மடங்குதான். ஆளை இன்னும் இரட்டித்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்தால் 12-உம் 4-உம் சேர்ந்து 16 நிமிடம். இன்னும் ஆறு பேருக்குச் சம்பளம் கொடுத்து மிச்சமானது நாலே நிமிடம். ஜீன் அம்தால் என்பவர் 1967-இல் சொன்ன கணக்கு இது, இன்னும் மாறவில்லை. வீடியோ ரெண்டர் செய்வது உதிரிச் சரம் மாதிரி, கோர் கூடக் கூட வேகம் கூடும். பிரவுசர், டேலி, எக்செல், பெரும்பாலான கேம் எல்லாம் ஓரளவு கல்யாண மாலை மாதிரி.

த்ரெட் என்பது வேறு. ஒருத்தியிடம் இரண்டு நாரைக் கொடுத்து வைக்கிறோம். ஒரு நாருக்குப் பூ வந்து சேர்வதற்குள் சும்மா இருக்காமல் அடுத்த நாரில் கட்டுவாள். ஆனால் கை இரண்டுதான். 6 கோர் 12 த்ரெட் என்றால் பன்னிரண்டு ஆள் இல்லை, நேரத்தை வீணாக்காத ஆறு ஆள்.

இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து இன்னொரு குழப்பமும் உண்டு. சில சில்லுகளில் கோர் இரண்டு வகை. கை தேர்ந்தவர்கள் சிலர், பழகிக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளைகள் சிலர். ஐ5-12600கே-இல் 10 கோர் என்றால் ஆறு பெரியது, நாலு சின்னது. சின்னக் கோருக்கு மின்சாரம் குறைவு, வேகமும் குறைவு. நம் 12400எஃப்-இல் ஆறும் பெரியதே. ‘10 கோர், 6 கோரை விடப் பெரிசு’ என்று கடையில் யாராவது சொன்னால், அதில் எத்தனை பெரியது என்று கேளுங்கள்.

கூடை எவ்வளவு பக்கத்தில்

கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் பூ கைக்கு வந்து சேர வேண்டும். மடியில் ஒரு பிடி பூ இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. எல்லாருக்கும் நடுவில் ஒரு பெரிய கூடை. மூலையில் சாக்கு. அதுவும் தீர்ந்தால் சந்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும். மடி, தட்டு, கூடை மூன்றும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் (cache) என்கிற தற்காலிகச் சேமிப்பு: எல்1, எல்2, எல்3. சாக்குதான் ரேம். சந்தை, எஸ்எஸ்டி. மடியிலிருந்து எடுக்க நாலைந்து துடிப்பு போதும் என்றால், சாக்குவரை போய்வர நூற்றுக்கணக்கான துடிப்பு ஆகும். அந்த நேரம் முழுக்கக் கை சும்மா.

12400எஃப்-இல் நடுக்கூடை 18 எம்பி. 5600-இல் 32 எம்பி. அப்படியானால் 5600 அல்லவா ஜெயிக்க வேண்டும்? அவசரப்படாதீர்கள். 12400எஃப்-இல் ஒவ்வொருத்தியின் பக்கத்துத் தட்டும் 1.25 எம்பி, 5600-இல் அரை எம்பிதான். ஒன்றில் கூடை பெரிது, மற்றதில் தட்டு பெரிது. கட்டமைப்பு வேறாக இருக்கும்போது கேஷ் எண்ணை மட்டும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது, முடிச்சு வேகத்தை மட்டும் வைத்துப் பார்ப்பது போலத்தான்.

ஆனால் ஒரே குடும்பத்துக்குள் கேஷ் பேசும். ரைசன் 5 5500 என்று ஒன்று இருக்கிறது. அதிலும் 6 கோர், 12 த்ரெட். விலை கொஞ்சம் குறைவு. எண்ணும் 5600-க்குப் பக்கத்து எண். ஆனால் கூடை 16 எம்பிதான், பாதி. கேமில் அது தெரியும். இதற்கு எதிர்ப்பக்கம் ரைசன் 7 5800எக்ஸ்3டி. கூடைக்கு மேல் கூடை அடுக்கி 96 எம்பி ஆக்கினார்கள். அதற்காக உச்ச வேகத்தை 4.7-இலிருந்து 4.5-க்கு இறக்க வேண்டிவந்தது. வேகம் குறைந்த அந்தச் சில்லுதான் கேமில் தன் அண்ணன் 5800எக்ஸை முந்தியது.

கடைசி எழுத்து

ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்குக் குளச்சல் பக்கத்திலிருந்து தெரிந்த பையன் ஒருவன் கூப்பிட்டான். “அண்ணே, ஃபேன் எல்லாம் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல ஒண்ணும் வரல்ல.” புது சிஸ்டம். தானே அசெம்பிள் பண்ணியிருக்கிறான். போய்ப் பார்த்தால் நாலு மணி நேரமாக ரேமைக் கழற்றுவதும், அழிரப்பரால் அதன் இணைப்புக் கால்களைத் தேய்ப்பதும், மாட்டுவதுமாக இருந்திருக்கிறான். கேபிள் போர்டில் இருந்த எச்டிஎம்ஐயில் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தது. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பில்லை வாங்கிப் பார்த்தேன், ‘ஐ5 12400’ என்று போட்டிருந்தது. அப்படியானால் படம் வந்தாக வேண்டும்.

கூலரைக் கழற்றி, மேலே இருந்த பேஸ்ட்டைத் துணியால் துடைத்தேன். டார்ச் வெளிச்சத்தில் எழுத்து மெல்லத் தெரிந்தது. 12400-க்குப் பின்னால் ஒரு எஃப்.

எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், ஆனால் அதற்குப் படம் அனுப்ப ஆள் இல்லை. தனிக் கார்டு மாட்டினால்தான் படம் வரும். பில்லில் அந்த ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். அவனுக்கும் அது ஒரு எழுத்துதானே என்று இருந்திருக்கிறது.

ஏஎம்டி பக்கம் இது தலைகீழ். வெறும் 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி-இல் உண்டு. இன்டெலில் எஃப் இருந்தால் இல்லை, இந்த வரிசை ரைசனில் ஜி இருந்தால் உண்டு. யார் யோசித்த யோசனையோ! இன்டெலில் கே என்றால் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளப் பூட்டுத் திறந்த சில்லு. நம்மில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை.

இன்னொரு பெயர்ப் பொறி, செகண்ட் ஹேண்ட் சந்தையில் இருக்கிறது. ஏதோ ஆபீஸ் கழித்த சிஸ்டத்தை ‘ஐ7 கம்ப்யூட்டர், மலிவு விலை’ என்று விற்பார்கள். எந்த ஐ7? ஐ7-2600 என்றால் அது 2011-ஆம் வருஷத்துச் சரக்கு. 4 கோர், 8 த்ரெட், உச்சம் 3.8 ஜிகாஹெர்ட்ஸ். 2022-இல் வந்த ஐ3-12100-இலும் அதே 4 கோர், 8 த்ரெட், உச்சம் 4.3. வேகத்தில் சின்ன வித்தியாசம்தான் என்று தோன்றும். ஆனால் முடிச்சுக்குப் பூ வெகுவாகக் கூடிப்போனதால், அந்த ஐ3 இந்த ஐ7-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே வகுப்புக்குள் ரேங்க் மாதிரி. 2011 வகுப்பின் முதல் ரேங்கை 2022 வகுப்பின் மூன்றாம் ரேங்கோடு ஒப்பிட முடியாது. வகுப்பைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண்ணின் முதல் ஒன்றிரண்டு இலக்கம். போதாக்குறைக்கு விண்டோஸ் 11 அந்த 2600-ஐ அதிகாரப்பூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது.

யூடியூப் வரைபடங்கள்

சரி, ஐபிசி பெட்டியில் இல்லை, கேஷை நேரடியாக ஒப்பிட முடியாது, பெயரும் குழப்பம். அப்புறம் எதைப் பார்ப்பது? ஒரே வேலையை இரண்டிடமும் கொடுத்து நேரம் பார்த்தவர்களின் முடிவைத்தான். அதற்குப் பெயர் பெஞ்ச்மார்க்.

சினிபெஞ்ச் மாதிரிச் சோதனைகள் இரண்டு எண் தரும். ஒற்றைக் கோர், எல்லாக் கோர். அன்றாட வேலையில் சிஸ்டம் எவ்வளவு சுறுசுறுப்பாகத் தோன்றும் என்பதற்கு முதல் எண். ரெண்டர் மாதிரி வேலைக்கு இரண்டாவது. உங்கள் வேலை எந்தப் பக்கமோ அந்த எண்ணை மட்டும் பாருங்கள். வரைபடத்தில் கோடுகள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகின்றனவா என்றும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 90-இலிருந்து தொடங்கினால் 100-க்கும் 95-க்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். நிஜத்தில் அது ஐந்துதான்.

கேம் சோதனையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது. பிராசஸரைச் சோதிப்பவர்கள் சந்தையிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டை மாட்டி, கார்டுக்குச் சுமை குறைவான 1080பி தெளிவில் ஓட்டுவார்கள். பிராசஸர் மட்டுமே தடையாக இருக்க வேண்டும் என்பதற்காக. அது சரியான முறைதான். அங்கே ஒரு சில்லு மற்றதை விடப் பத்து சதவீதம் முன்னால் நிற்கலாம். நீங்கள் வாங்கப்போவது ஆர்எக்ஸ் 6600 மாதிரி நடுத்தரக் கார்டு என்றால், உங்கள் வீட்டில் தடை கார்டுதான். பூ கட்டுகிறவர்கள் எவ்வளவு வேகமாய்க் கட்டினாலும், கொண்டுபோகும் வண்டி ஒரு மணிக்கு ஒன்றுதான் வரும் என்றால் கோவிலுக்குப் போகிற பூ அதிகமாகாது. அந்தப் பத்து சதவீதம் உங்கள் மானிட்டரில் ஒன்றோ இரண்டோ ஆகச் சுருங்கிவிடும், பல கேமில் காணாமலே போகும்.

12400எஃப்-உம் 5600-உம் நடுத்தரக் கார்டோடு கேமில் நிற்கும் இடம் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு விளையாட முடியாது என்பதால் சொல்கிறேன், கண்ணைத் திறந்து விளையாடினாலும் எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. கமெண்ட்டில் இரண்டு கட்சி சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். உலகக் கோப்பை வந்தால் நம்ம கடற்கரை ஊர்களில் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் ஏறுகிற மாதிரி. பார்த்து ரசிக்கலாம், அதை வைத்துப் பணத்தை எடுக்கக் கூடாது.

விலையை எதோடு வகுப்பது

மதிப்பெண்ணை விலையால் வகுத்து, ‘ரூபாய்க்கு எத்தனை’ என்று பட்டியல் போடுவார்கள். நியாயமாகத் தோன்றும். அதில் ஒரு ஓட்டை உண்டு. கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம், கடை விலை வாரத்துக்கு வாரம் மாறும்.

முதல் சில்லு 10,000 ரூபாய். இரண்டாவது 12,000, வேகம் 10 சதவீதம் அதிகம். சில்லை மட்டும் பார்த்தால் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து 10 சதவீதம் வாங்குகிறோம், நஷ்டம். ஆனால் யாரும் சில்லை மட்டும் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. முழு சிஸ்டம் 50,000 என்றால் இரண்டாவதோடு 52,000. நாலு சதவீதம் கூடுதல், 10 சதவீதம் வேகம். இப்போது லாபம். அதற்கு வேறு போர்டு வேண்டும், அது 3,000 கூடுதல் என்றால்? 55,000. பத்துக்குப் பத்து. கிராபிக்ஸ் கார்டு தடையாக இருப்பதால் அந்த 10 சதவீதம் உங்கள் கேமில் வெளியே வரவே வராது என்றால்? 5,000 ரூபாயை எடுத்துச் சங்குத்துறைக் கடற்கரையில் போட்டதுபோல. ஒரே சில்லுக்கு நாலு பதில் வந்துவிட்டது, சில்லு மாறவில்லை.

அதனால் நான் கொட்டேஷனைப் பார்க்கும்போது பிராசஸர் விலையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் போர்டு. சில்லு போர்டில் உட்காரும் இடம்தான் சாக்கெட். 5600-க்கு ஏஎம்4 சாக்கெட், டிடிஆர்4 ரேம் மட்டும். 12400எஃப்-க்கு எல்ஜிஏ 1700 சாக்கெட், போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. வீட்டில் பழைய டிடிஆர்4 கிடந்தால் இரண்டிலும் உதவும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஏஎம்4 போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால், 5600-ஐ அடையாளம் காண பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் ஒருமுறை அதைக் கேட்காமல் வாங்கி வந்து, பயாஸ் போடுவதற்காகவே பழைய ரைசன் ஒன்றைத் தக்கலை வரை போய் இரவல் வாங்கிவந்தேன்.

நாளைக்கு மேம்படுத்தும் வழி? இரண்டு சாக்கெட்டும் தெரு முடிவுக்கு வந்துவிட்டன. இன்டெல் 2024-இல் புது சாக்கெட்டுக்குப் போய்விட்டது. ஏஎம்டி 2022-இலேயே ஏஎம்5-க்குப் போனது. அதை 2027 வரைக்கும் அதற்கு மேலும் தொடர்வதாக அறிவித்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சிஸ்டம் மாற்றுகிறவர் இதற்காக அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பது என் கட்சி.

கரண்ட் பில்லைப் பற்றி அப்பாக்கள் கேட்பார்கள். இன்டெல் 12400எஃப்-க்கு இரண்டு எண் கொடுக்கிறது: அடிப்படை 65 வாட், முழு வேகத்தில் ஏறும்போது 117 வரை. ஏஎம்டியின் 65-உம் அப்படியே 65-இல் நிற்பதில்லை. இரண்டு கம்பெனியும் அளக்கும் முழக்கோல் வேறு. இருந்தாலும், இரண்டுக்கும் இடையில் 50 வாட் வித்தியாசம் என்றே வைத்து, தினமும் நாலு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினாலும், இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்தான். சும்மா பிரவுசர் பார்க்கும்போது அதுவும் இல்லை. இடவப்பாதி, துலா மழை இரண்டிலும் இடி மின்னல் வாங்குகிற நம்ம மாவட்டத்தில் அந்தக் கவலையை யூபிஎஸ் பக்கம் திருப்பலாம்.

இரண்டு பேர், இரண்டு பதில்

அக்கா மகனிடம் ‘எல்லாம்தான்’ என்றால் என்ன என்று பொறுமையாகக் கேட்டேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம். பைதான், ஜாவா, பிரவுசரில் இருபது டேப். ராத்திரி நண்பர்களோடு வாலரண்ட். கிராபிக்ஸ் கார்டு இப்போது வாங்கப் பணம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறான்.

இரண்டு கொட்டேஷனையும் மறுபடி பார்த்தேன். 12400எஃப், கார்டு இல்லை. 5600, கார்டு இல்லை. எதை எடுத்திருந்தாலும் வீட்டுக்கு வந்து அழிரப்பரைத் தேடியிருப்பான்.

அவனுக்கு நான் சொன்னது 5600ஜி. உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ் இருக்கிறது, வாலரண்ட் மாதிரி லேசான கேமுக்குப் போதும். ஓசியில் வருவதில்லை: கூடை 16 எம்பி ஆகிவிடும், நாளைக்கு மாட்டும் கார்டுக்கான பாதையும் பிசிஐஇ 3.0, ஒரு தலைமுறை பழையது. கார்டு வாங்குகிற வருஷம் 5600-ஐ விடக் கொஞ்சம் பின்தங்கும். ஆனால் இந்த வருஷம் படம் வரும்.

இன்னொன்றும் மாற்றச் சொன்னேன். கொட்டேஷனில் ரேம் ஒரே 16 ஜிபி ஸ்டிக்காக இருந்தது. அதை இரண்டு 8 ஜிபி ஆக்கினால் இரண்டு பாதையில் ஒரே நேரம் தரவு வரும். தனிக் கார்டு இல்லாத சிஸ்டத்தில் கிராபிக்ஸும் அந்த ரேமையே நம்பியிருப்பதால், கேமில் இது பிராசஸரை மாற்றுவதை விடப் பெரிய வித்தியாசம் காட்டும்.

அதே வாரம் மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பரும் இதே இரண்டு சில்லைத்தான் கேட்டார். அவருக்குப் பதில் வேறு. எஃப் இல்லாத 12400, கூடவே கிராபிக்ஸ் கார்டும். கார்டு இருக்கும்போது உள்கிராபிக்ஸுக்கு எதற்குக் காசு என்று கேட்டார், நியாயமான கேள்வி. அவருடைய கேமரா பதிவது எச்இவிசி 4:2:2, 10 பிட் என்கிற வீடியோ வகை. அந்த வகையை அந்த உள்கிராபிக்ஸ் தானே பிரித்துக் கொடுக்கும், நடுத்தரக் கார்டுகள் பலவற்றுக்கு அது தெரியாது. டைம்லைனில் முகூர்த்தக் காட்சியை முன்னும் பின்னும் இழுக்கும்போது விக்கி விக்கி நிற்பதா, நிற்காமல் ஓடுவதா என்பது அந்தச் சின்ன விலை வித்தியாசத்தில் இருக்கிறது. ஆவணியில் ஒரு நாளைக்கு மூன்று கல்யாணம் எடுக்கிறவருக்கு அந்தக் காசு முதல் வாரத்திலேயே திரும்பிவிடும்.

கடையில் வாங்கும்போது பெட்டியோடு வாங்குங்கள். ‘டிரே’ சில்லு கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கூலர் வராது, வாரண்டியும் பல நேரம் வேறு மாதிரி. பில்லில் முழுப் பெயரை, கடைசி எழுத்தோடு, எழுதி வாங்குங்கள். ஏஎம்4 சில்லில் ஊசிக் கால்கள் சில்லின் அடியில் இருக்கும், இன்டெலில் போர்டில் இருக்கும். எந்தப் பக்கம் வளைந்தாலும் வாரண்டி பேசாது. பிற்பாடு எப்போதாவது ஏஎம்4 கூலரைக் கழற்ற வேண்டி வந்தால் சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் பைய திருகி எடுங்கள். குளிர்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டால் சில்லும் சேர்ந்து பிய்ந்து வரும்.

நேற்று அக்கா மகன் திருத்திய கொட்டேஷனை அனுப்பினான். 5600ஜி, 8 ஜிபி இரண்டு. ‘ஜி’யைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தான். அடியில் இன்னொரு வரி: “மாமா, மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் எடுக்கட்டுமா, 75 போதுமா? எது பெஸ்ட்?”